மௌனத்துக்குப் பின்லாந்து கொடுத்த விலை

1958-ஆம் ஆண்டுக் கோடையில் ஹெல்சிங்கி நகரில் ஒரு நினைவுக்குறிப்பு நூல் அச்சாகி, கடைகளுக்குப் போகத் தயாராக இருந்தது. எழுதியவர் யூர்யோ லெய்னோ. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மூன்று ஆண்டுகள் பின்லாந்தின் உள்துறை அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர். கட்சியோடு கசந்து ஒதுங்கிய பின் தன் பதவிக்கால அனுபவங்களை எழுதியிருந்தார். புத்தகம் வெளிவரும் முன்பே சோவியத் தூதரகம் ஆட்சேபம் தெரிவித்தது. பின்லாந்து அரசு பதிப்பகத்துக்குச் சொல்லியனுப்பியது. தம்மி என்ற அந்தப் பதிப்பகம் புத்தகத்தை நிறுத்திக்கொண்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் சில ஆண்டுகள் கிடங்கில் கிடந்து, 1962-இல் எரிக்கப்பட்டன. இதற்கு நீதிமன்ற ஆணை தேவைப்படவில்லை; ஒரு வேண்டுகோளே போதுமாக இருந்தது. தப்பியவை சில பிரதிகள்தான். பொதுவாசகர் அந்நூலைக் கையில் எடுக்க 1991 வரை, அதாவது சோவியத் ஒன்றியம் கலைந்த ஆண்டு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்லாந்து அப்போது அடிமை நாடு இல்லை. தேர்தல் நடந்தது, நாடாளுமன்றம் இயங்கியது, தனியார் நாளிதழ்கள் வந்தன, தணிக்கை அலுவலகம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆனாலும் ஒரு முன்னாள் அமைச்சர் தன் சொந்த நாட்டைப் பற்றி எழுதிய புத்தகம் சொந்த நாட்டிலேயே வெளிவர முடியவில்லை. பலம் பொருந்திய ஒரு நாட்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் அருகிலேயே வாழ வேண்டிய சிறிய நாட்டில் பத்திரிகைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, பின்லாந்தின் நாற்பதாண்டு அனுபவத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது: சிறிய நாட்டின் அரசு சில வேளைகளில் பணிந்து போகலாம், அதற்கு நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்த நாட்டின் பத்திரிகைகளும் சேர்ந்து பணியும்போது நாட்டுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. அரசின் பேரம் பேசும் பலம் குறைகிறது, உள்நாட்டு மக்களாட்சி தேய்கிறது. அதன் பலன், நாட்டை மிரட்டுபவருக்கும் அந்த மிரட்டலைக் காட்டி ஆள்பவருக்குமே போய்ச் சேருகிறது.

பின்லாந்து எந்த நிலையிலிருந்து இந்தப் பாதைக்கு வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பத்திரிகையாளர்களை எளிதாகக் கோழைகள் என்று சொல்லிவிடுவோம், அது அநியாயம். சோவியத் ஒன்றியத்தோடு சுமார் 1,300 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொண்ட, நாற்பது லட்சம் மக்கள் மட்டுமே கொண்ட நாடு அது. 1939 நவம்பர் 30 அன்று செஞ்சேனை எல்லை தாண்டியது. பதினைந்து மாத இடைவெளியில் இரண்டு போர்கள். இரண்டாவதில் பின்லாந்து ஜெர்மனியின் பக்கம் நின்றது. 1944 செப்டம்பரில் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இழந்த கரேலியாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். 30 கோடி டாலர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் மரக்கூழாகவும் கொடுத்து முடிக்க 1952 ஆயிற்று. தலைநகருக்குப் பக்கத்திலேயே இருந்த போர்க்கலா தீபகற்பம் சோவியத் கடற்படைத் தளமாயிற்று. 1956-இல்தான் திரும்பக் கிடைத்தது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டு ஆணையம் என்ற பெயரில், ஸ்டாலினின் நெருங்கிய சகா ஆந்த்ரே ஜ்தானோவின் தலைமையில் ஒரு சோவியத் அமைப்பு 1947 வரை ஹெல்சிங்கியில் உட்கார்ந்திருந்தது.

1948 பிப்ரவரியில் ஸ்டாலினிடமிருந்து கடிதம் வந்தது. நட்பு ஒப்பந்தம் வேண்டும் என்றார். அதே மாதம் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார்கள். அடுத்தது யார் என்ற அச்சம் ஹெல்சிங்கி வீதிகளில் இருந்தது. குடியரசுத் தலைவர் பாசிகிவி எழுபத்தேழு வயது முதியவர், ரஷ்யர்களை நன்கு அறிந்தவர். அவர் மறுக்கவும் இல்லை, அப்படியே ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஏப்ரல் 6 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கடமை குறுகலாக வரையறுக்கப்பட்டது. ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து மண் வழியாகத் தாக்கினால் பின்லாந்து தன் எல்லைக்குள் போரிடும். தேவைப்பட்டால், இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டபடி, சோவியத் உதவி வரும். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் போட்ட ஒப்பந்தங்களைவிட இது வெகுவாகத் தளர்வானது. இதற்கு ஈடாகப் பின்லாந்து தன் நாடாளுமன்றத்தையும் சந்தைப் பொருளாதாரத்தையும் நோர்டிக் சமூக அமைப்பையும் காப்பாற்றிக்கொண்டது. இந்த ராஜதந்திரத்தை நான் குறைசொல்லவில்லை. அன்றைய நிலையில் அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்திருக்க முடியும் என்று யாரும் நம்பும்படி வாதிட்டதில்லை.

ஆனால் அந்த ஆபத்தான ஆண்டுகளில் பின்லாந்துப் பத்திரிகைகள் எப்படி இருந்தன என்பதைக் கவனியுங்கள். அவை வாய்மூடி இருக்கவில்லை. பாசிகிவி ஆசிரியர்களைக் கடிந்துகொண்டார். வெளிநாட்டை அச்சில் இழிவுபடுத்தி உறவைக் கெடுப்பவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் திருத்தம் 1948-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்தது. ஆனாலும் உள்நாட்டு அரசியல் சண்டை பகிரங்கமாகவே நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சி 1946-லேயே ‘போதும்!’ என்ற முழக்கத்தோடு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தொழிற்சங்கங்களிலும் தன் ஏடுகளிலும் போராட்டம் தொடங்கிவிட்டது. 1948 மே மாதத்தில் நாடாளுமன்றம் உள்துறை அமைச்சர் லெய்னோ மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானித்தது. 1945-இல் இருபது பேரைச் சட்டமுறை எதுவும் பாராமல் சோவியத் வசம் ஒப்படைத்ததே காரணம். ஜூலைத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் முன்னணி 49 இடங்களிலிருந்து 38-க்கு இறங்கியது. கம்யூனிஸ்டுகள் அரசிலிருந்தே வெளியேற நேர்ந்தது. மிக ஆபத்தான காலத்தில், எல்லைக்கு அப்பால் ஸ்டாலின் உயிரோடு இருந்தபோது, பின்லாந்து உரக்கப் பேசியது. பேசியதால் அழிந்துவிடவும் இல்லை. அந்தச் சத்தம்தான் ‘இந்த நாட்டை உள்ளிருந்து விழுங்குவது எளிதில்லை’ என்று மாஸ்கோவுக்கு உணர்த்திய காரணங்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

பத்திரிகைகளின் தொண்டை அடைக்கத் தொடங்கியது பத்தாண்டுகளுக்குப் பிறகு. 1958 ஆகஸ்டில் சமூக ஜனநாயகவாதியான ஃபாகர்ஹோல்ம் தலைமையில் ஒரு கூட்டணி அரசு அமைந்தது. அதில் வலதுசாரிகளும் சேர்ந்திருந்தார்கள்; தேர்தலில் 50 இடங்கள் பெற்று முதலிடம் வந்த கம்யூனிஸ்ட் முன்னணி வெளியே நின்றது. மாஸ்கோ இதை விரும்பவில்லை. படை எதுவும் நகரவில்லை. தூதர் மட்டும் சம்பிரதாயப்படி விடைபெறாமலே ஊர் திரும்பினார், புதிய தூதர் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான வர்த்தகப் பேச்சுவார்த்தை தொடங்காமல் இழுத்தடிக்கப்பட்டது. சோவியத் சந்தைக்கென்றே கட்டப்பட்டிருந்த கப்பல் தளங்களும் உலோக ஆலைகளும் கவலையில் ஆழ்ந்தன. டிசம்பரில் அரசு கவிழ்ந்தது. பின்லாந்து வரலாற்றில் இதற்கு ‘இரவு உறைபனி’ நெருக்கடி என்று பெயர். சோவியத் தரப்பு அடுக்கிய குறைகளில் பின்லாந்து நாளிதழ்களின் தொனியும் ஒன்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1961 அக்டோபர் 30 அன்று, மேற்கு ஜெர்மனியின் ஆபத்தைக் காரணம் காட்டி ராணுவ ஆலோசனை கோரும் குறிப்பு ஒன்று மாஸ்கோவிலிருந்து வந்தது. குடியரசுத் தலைவர் உர்ஹோ கெக்கோனென் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை போய்ச் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்தார். கோரிக்கை கைவிடப்பட்டது. கெக்கோனெனை எதிர்த்துத் தேர்தலில் நிற்க இருந்த ஓலவி ஹோன்கா, நாட்டு நலன் கருதி என்று சொல்லி விலகிக்கொண்டார். மாஸ்கோவின் நம்பிக்கையைப் பெற்ற ஒரே மனிதர் கெக்கோனென் என்ற எண்ணம் அன்று முதல் கல்லில் எழுதியது போலாயிற்று.

கெக்கோனென் பத்திரிகை உலகை நன்கு அறிந்தவர். போர்க்காலத்திலேயே ‘சுவோமென் குவலெஹ்தி’ என்ற வார இதழில் புனைபெயரில் அரசியல் கட்டுரைகள் எழுதியவர். குடியரசுத் தலைவரான பிறகும் புனைபெயர்களில் எழுதினார். தலையங்கம் பிடிக்கவில்லை என்றால் ஆசிரியருக்கு நேரடியாகக் காரசாரமான கடிதம் போகும். அந்தக் கடிதங்கள் பின்னாளில் தொகுதிகளாகவே வெளிவந்தன. நாட்டின் வெளியுறவு என்ற பொறுப்பை நினைவூட்டும் தலைவரிடமிருந்து வரும் கடிதத்தை எந்த ஆசிரியரும் அலட்சியப்படுத்த முடியாது. இதோடு, அரசியல் தலைவர்களுக்கும் முக்கியமான பத்திரிகையாளர்களுக்கும் சோவியத் தூதரகத்தில் பழக்கமான ஓர் அதிகாரி இருப்பது வழக்கமாயிற்று. ‘வீட்டு ரஷ்யர்’ என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள், சௌனா என்ற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து பேசுவார்கள். எந்தத் தலைப்பு எரிச்சல் தந்தது என்பது அங்கே நயமாகச் சொல்லப்படும். இப்படியான ஏற்பாட்டில் தடை உத்தரவு தேவையே இல்லை. ஒரு கட்டுரை மேசைக்கு வரும்போதே ‘இது யாரை உறுத்தும்’ என்ற கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கு பழக்கமானதும், ஒதுக்கப்பட்டது இன்னதென்று ஒதுக்கியவருக்கே தெரியாமல் போகிறது.

விளைவுகள் 1970-களில் அப்பட்டமாகத் தெரிந்தன. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் சோவியத் சிறைமுகாம்களைப் பற்றி எழுதிய ‘குலாக் தீவுக்கூட்டம்’ உலகமெங்கும் பேசப்பட்ட 1974-இல் அதன் பின்னிஷ் மொழிபெயர்ப்பை வெளியிட அவருடைய பழைய பதிப்பகமே முன்வரவில்லை. முதல் பாகம் ஸ்வீடனில் அச்சாகி வந்தது. அவருடைய ‘இவான் டெனிசோவிச்சின் ஒரு நாள்’ நாவலைப் பின்லாந்தில் பிறந்த காஸ்பர் விரேடே படமாக்கியிருந்தார். வெளிநாட்டு உறவுகளுக்குப் பங்கம் வரும் என்று பின்லாந்தில் அது திரையிடத் தடையாயிற்று. ஸ்வீடன் தொலைக்காட்சி அந்தப் படத்தை ஒளிபரப்பியபோது ஓலண்ட் தீவுகளிலிருந்த ஒளிபரப்புக் கோபுரம் அணைக்கப்பட்டது. பக்கத்து நாட்டின் அலை தன் எல்லைக்குள் புகுந்துவிடுமோ என்று ஒரு மக்களாட்சி நாடு கோபுரத்தையே அணைத்தது. ஸ்டாலின் செத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. போர்க்கலா திரும்பி வந்துவிட்டது. கிழக்கும் மேற்கும் பதற்றத்தைத் தணித்துக்கொண்டிருந்தன. 1975-இல் ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டை ஹெல்சிங்கியே கூட்டியது. ஆபத்து குறைந்த காலத்தில் மௌனம் கூடியிருக்கிறது. மௌனத்தை ஆபத்து கட்டாயப்படுத்தியது என்ற விளக்கம் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. 1948-இல் வாய் திறந்த நாடு 1974-இல் வாய் மூடியதற்குக் காரணத்தை எல்லைக்கு அப்பால் மட்டும் தேடினால் போதாது.

உள்ளே தேடினால் கிடைப்பது 1972-ஆம் ஆண்டுக் கதை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போடப் பின்லாந்து விரும்பியது. மாஸ்கோவுக்குச் சந்தேகம். ஆகஸ்டில் கெக்கோனென் சவிதோவோ என்ற வேட்டை மாளிகைக்குப் போய் பிரெஷ்னெவ் உள்ளிட்ட சோவியத் தலைவர்களோடு பேசினார். இந்த ஒப்பந்தத்தால் சோவியத் உறவு கெடாது என்று தன் சொந்தப் பொறுப்பில் உறுதியளித்தார். அந்த உரையாடலின் ரகசியக் குறிப்பு கசிந்து, அக்டோபர் இறுதியில் ஸ்வீடனின் ‘டாகென்ஸ் நீஹேதெர்’ நாளிதழில் வந்தது. தங்கள் தலைவர் தங்கள் பெயரால் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதைப் பின்லாந்து மக்கள் பக்கத்து நாட்டுப் பத்திரிகை வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கெக்கோனென் கொதித்தார். நம்பிக்கை கெட்டுவிட்டது, பதவியில் தொடர்வதா என்று யோசிக்கிறேன் என்ற தொனியில் பேசினார். 1973 ஜனவரியில் நாடாளுமன்றம் தேர்தலே இல்லாமல் அவருடைய பதவிக்காலத்தை நான்கு ஆண்டு நீட்டிக்கும் விசேஷச் சட்டத்தை 170-க்கு 28 என்ற வாக்கில் நிறைவேற்றியது. ஒரு குடியரசில் மக்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வெளியுறவின் பெயரால், ஒரு சுற்றுக்கு ரத்தாயிற்று. கசிந்த தகவல் சொல்வது என்ன என்ற விவாதத்தைவிட, கசியவிட்டது யார் என்ற வேட்டையே பெரிதாக நடந்தது.

மௌனத்தின் முதல் விலை இதுதான். மாஸ்கோவைப் பற்றிப் பேசாதே என்று தொடங்குவது, மாஸ்கோவோடு பேசுகிற தலைவரைப் பற்றியும் பேசாதே என்று விரிகிறது. ‘தேசிய கூட்டணிக் கட்சி’ என்ற வலதுசாரிக் கட்சி தேர்தல்களில் நன்றாக வாக்கு வாங்கியும் 1966 முதல் 1987 வரை இருபத்தோரு ஆண்டுகள் எந்த அரசிலும் சேர முடியவில்லை. ஏன் என்று கேட்டால் ‘பொதுவான காரணங்கள்’ என்று பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிட்டது. 1981-இல் கெக்கோனென் உடல்நலம் குன்றி விலகும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்ட மனிதரின் நினைவாற்றல் தேய்ந்துவருவதைக் கண்ணால் கண்ட பத்திரிகையாளர்கள்கூட எழுதத் தயங்கினார்கள். சோவியத் விவகாரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் பெரிய விஷயத்தில் வாய்மூடப் பழகிய பத்திரிகை, அடுத்த விஷயத்தில் திடீரென்று வாய் திறந்துவிடாது.

இரண்டாவது விலை வெளியுறவிலேயே கொடுக்கப்பட்டது. வரப்பை நாமே ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டால் பக்கத்து வயல்காரர் அடுத்த ஆண்டு அதையே எல்லை என்பார். பத்திரிகைகள் அடங்கியிருப்பது முதலில் நல்லெண்ணமாகத் தெரிந்தது; போகப்போக அது மாஸ்கோவின் உரிமையாகவே ஆகிவிட்டது. அடங்காத ஒரு கட்டுரை வந்தால் அரசே அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. சுதந்திரமாகச் சண்டை போடும் பத்திரிகைகள் உள்ள நாட்டின் தலைவர், பேச்சுவார்த்தை மேசையில் ‘என்னால் இவ்வளவுதான் முடியும், என் நாட்டில் இதற்கு மேல் யாரும் ஏற்க மாட்டார்கள்’ என்று சொல்ல முடியும். சிறிய நாட்டுக்கு ராணுவ பலம் இல்லாத இடத்தில் இந்த வாக்கியம்தான் பலம். பத்திரிகைகளை அடக்கிவைத்திருக்கும் தலைவர் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார். நேற்று ஒரு தலையங்கத்தை நிறுத்த முடிந்தவரால் இன்று ஒரு கோரிக்கையை மட்டும் ஏன் நிறைவேற்ற முடியாது என்று கேட்பார்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது இது: ‘பின்லாந்து தப்பிப் பிழைத்ததே! எஸ்தோனியா சோவியத் குடியரசாகவே ஆயிற்று. 1956-இல் புடாபெஸ்டிலும் 1968-இல் பிராகாவிலும் டாங்கிகள் ஓடின. ஹெல்சிங்கியில் ஒரு குண்டுகூட விழவில்லை. சில தலையங்கங்களைத் தள்ளுபடி செய்ததில் என்ன குடி முழுகிப்போயிற்று?’ இதைச் சொல்பவர்கள் மதிப்புக்குரியவர்கள்; கெக்கோனென் காலத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த வரலாற்றாளர்களும் அவர்களில் உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். பின்லாந்தைக் காத்தது எது? 1940-இலும் 1944-இலும் கடுமையாகப் போரிட்டு, பிடிப்பது செலவு மிகுந்த வேலை என்று நிரூபித்தது. ஒப்பந்தத்தைக் குறுகலாக வரைந்த பாசிகிவியின் திறமை. பக்கத்தில் நடுநிலை ஸ்வீடன் நடுநிலையாகவே இருக்க வேண்டும் என்ற மாஸ்கோவின் சொந்தக் கணக்கு. இரு தரப்புக்கும் லாபமான வர்த்தகம். இந்த நான்கும் 1948 முதல் 1958 வரை, பத்திரிகைகள் ஓரளவு உரக்கப் பேசிய காலத்திலேயே, வேலை செய்தன. சோல்செனித்சின் நூல் ஹெல்சிங்கியில் அச்சாகியிருந்தால் டாங்கி வந்திருக்கும் என்று காட்டும் சான்று எதையும் யாரும் முன்வைத்ததில்லை. கொள்கை காத்தது, மௌனம் அந்தக் கொள்கையின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டது.

இன்னொரு மறுப்பும் உண்மையை ஓரளவு தொட்டுப் பேசுகிறது. பின்லாந்தில் எல்லோரும் அடங்கிவிடவில்லை. ‘ஹெல்சிங்கின் சனோமாத்’ நாளிதழில் காரி சுவோமலைனென் பல பத்தாண்டுகள் வரைந்த கேலிச்சித்திரங்கள் கெக்கோனெனையும் கிரெம்ளினையும் விட்டுவைக்கவில்லை. ஸ்வீடன் நாளிதழ்கள் ஹெல்சிங்கிக் கடைகளில் கிடைத்தன. ஆகவே இதைத் தணிக்கை என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். கேலிச்சித்திரக்காரருக்கு எல்லாக் கொடுங்கோலரும் ஓரளவு இடம் விடுவது உண்டு. பின்லாந்து அதைவிட அதிகமாகவே விட்டது என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை படித்துத் தன் நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை சுதந்திரத்தின் அடையாளம் ஆகாது. ஓவியரும் எழுத்தாளருமான கார்ல்-குஸ்டாவ் லிலியுஸ் 1970-களின் நடுவில் பின்லாந்தின் சுயதணிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரை லண்டனிலிருந்து வரும் ஓர் ஆங்கில இதழில்தான் உலகக் கவனம் பெற்றது. சட்டம் போட்டு வாயைக் கட்டினால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம். யாரும் கட்டாத வாயை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? எஸ்கோ சல்மினென் போன்ற வரலாற்றாளர்கள் 1990-களில் ஆவணங்களைத் தோண்டி எழுதிய பிறகுதான் எத்தனை ஆசிரியர்கள் எத்தனை தடவை தாங்களே கையை இழுத்துக்கொண்டார்கள் என்பது பொதுவெளிக்கு வந்தது.

மூன்றாவது மறுப்பு ஆசிரியர்களின் மனச்சாட்சியிலிருந்து எழுவது. வல்லரசுக்கு அருகில் இருக்கும்போது பொறுப்பில்லாமல் எழுதலாமா? வெறும் வசைக்காக நாட்டின் ரொட்டியைப் பணயம் வைக்கலாமா? வைக்கக்கூடாது. நிதானமான மொழிக்கும் மறைக்கப்பட்ட செய்திக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். அண்டை நாட்டை ஏசாமல் இருப்பது ஆசிரியரின் பண்பு. அண்டை நாட்டோடு நம் தலைவர் என்ன பேசினார், எதை விட்டுக்கொடுத்தார், அதற்கு என்ன கிடைத்தது, யாருக்கு லாபம் என்பதை எழுதாமல் இருப்பது கடமை தவறுவது. சவிதோவோ விவகாரத்தில் பிரெஷ்னெவைத் திட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கெக்கோனென் கொடுத்த உறுதியின் எல்லை எது என்று சொந்த நாட்டு நாளிதழ்கள் விடாமல் கேட்டிருந்தால் போதுமானது. அந்தக் கேள்வியால் எந்தச் சோவியத் கௌரவமும் புண்பட்டிருக்காது.

வேறு விதமான கூட்டாளியோடு வேறு விதமாக நடந்துகொண்ட நாட்டையும் பார்க்கலாம். நியூசிலாந்து 1951 முதல் அமெரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஆன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருந்தது. 1984-இல் டேவிட் லாங்கே தலைமையிலான தொழிற்கட்சி, அணு ஆயுதம் தாங்கிய கப்பல்களுக்கும் அணுசக்தியால் இயங்கும் கப்பல்களுக்கும் துறைமுகம் திறக்காது என்று சொல்லி ஆட்சிக்கு வந்தது. தன் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை என்பது அமெரிக்காவின் கொள்கை. 1985 பிப்ரவரியில் ‘புக்கானன்’ என்ற போர்க்கப்பலின் வருகைக்கு வெலிங்டன் அனுமதி மறுத்தது. 1986 ஆகஸ்டில் அமெரிக்கா நியூசிலாந்துக்கான பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைத்தது. இவையெல்லாம் பகிரங்கமாகவே நடந்தன. கூட்டணியைக் கெடுக்காதே என்று தலையங்கங்கள் அரசைத் தாக்கின, வாசகர் கடிதங்கள் திருப்பித் தாக்கின. முன்னாள் வெளியுறவுச் செயலர் ஃபிராங்க் கார்னர் தலைமையில் அரசே அமைத்த குழு மக்கள் கருத்தைக் கேட்டபோது சங்கடமான பதில் வந்தது: பெரும்பான்மையோருக்குக் கூட்டணியும் வேண்டும், அணு ஆயுதமற்ற நாடும் வேண்டும், இரண்டில் ஒன்றுதான் என்றால் கூட்டணியின் பக்கமே சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தார்கள். அரசுக்குப் பாதகமான அந்த முடிவு மறைக்கப்படவில்லை. விவாதம் தொடர்ந்தது, 1987 ஜூனில் சட்டம் நிறைவேறியது, 1990-இல் எதிர்க்கட்சியான தேசியக் கட்சியே அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2016-இல் ‘சாம்ப்சன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நியூசிலாந்தின் சட்டத்துக்கு உட்பட்டே அங்கே வந்தது.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நியூசிலாந்தின் கூட்டாளி கடல் கடந்து இருந்த ஒரு மக்களாட்சி. எல்லையில் படை நிறுத்தியிருந்த அண்டை நாடு கிடையாது. கூட்டணி போனாலும் நாடு போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்லாந்துக்கு அந்த நிம்மதி இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் இரு நாடுகளுக்கும் பொது. பகிரங்கமாக அலசி எடுக்கப்பட்ட கொள்கை, அதை எடுத்த தலைவர் போன பின்னும், ஆட்சி மாறிய பின்னும் நின்றது. மூடிய அறையில் ஒருவரின் சொந்த உறுதியாகக் கொடுக்கப்பட்டது, அந்த ஒருவரை அசைக்க முடியாதவராக ஆக்கியது. சிறிய நாடு நிலைத்த வெளியுறவுக் கொள்கையை விரும்பினால், அதைத் தனிமனிதரின் நட்பில் கட்டாமல் மக்கள் அறிந்து ஏற்ற நிலைப்பாட்டில் கட்ட வேண்டும். அதற்குச் சண்டை போடும் பத்திரிகைகள் அவசியம்.

பின்லாந்துக்கு இன்று இந்தக் கேள்வி வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1992-இல் முடிவுக்கு வந்தது. 1995-இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோ உறுப்பினராயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, பதினைந்து ராணுவ இடங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த வழி பிறந்தது. 2024 ஜூலையில் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. அழுத்தம் கொடுக்கக்கூடிய பெரிய நண்பர் மாறியிருக்கிறார். ரஷ்யா தந்த அச்சம் நியாயமானது என்பதால் புதிய நண்பரைக் கேள்வி கேட்பது துரோகம் என்ற மனநிலை எளிதில் ஊறிவிடும். ஒரு காலத்தில் மாஸ்கோவைக் கேள்வி கேட்பதும் அப்படித்தான் பொறுப்பின்மையாகப் பார்க்கப்பட்டது. 2010 முதல் 2016 வரை உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த நாடு அது. தன் பழைய மௌனத்தைத் தானே ஆராய்ந்து, புத்தகம் எழுதி, பள்ளிகளில் பேசி அதிலிருந்து வெளியேறிய நாடு. அந்தப் பயிற்சி கைகொடுக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

பெரிய நாடுகளோடு சேர்ந்து வாழ வேண்டிய எல்லாச் சிறிய நாடுகளின் ஆசிரியர்களுக்கும் பின்லாந்தின் அனுபவம் சொல்வது இதுதான். அரசு சில நேரம் பணிய வேண்டியிருக்கும். அப்போது அதைப் பலவீனம் என்று கூச்சலிட வேண்டியதில்லை. என்ன விட்டுக்கொடுக்கப்பட்டது, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, யார் முடிவெடுத்தது என்ற நான்கையும் வாசகர் முன் வைத்தால் போதும். கொடுத்த விலை தெரிந்த மக்கள் அடுத்த முறை இன்னும் கறாராகப் பேரம் பேசும் தலைவரைக் கேட்பார்கள். விலையே தெரியாதவர்கள், 1973-இல் நடந்தது போல, தலைவரை நீட்டிக்கும் சட்டத்துக்கு மட்டுமே சம்மதிப்பார்கள்.